செவ்வந்தி வாசிக்காத தேர்வு

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத் தமிழ்த் துறையிலிருந்து கலாதரன் சார் போனில் கூப்பிட்டார். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே "சொல்லுங்க சார்" என்றேன்.

"பூங்கோதை, ஒரு சேதிம்மா. இந்த வருஷம் பிஎச்.டி. சேர்க்கைக்கு நம்ம பல்கலைக்கழகம் தனியாத் தேர்வு வைக்கல. நேர்காணலும் கெடையாது. நாடு முழுக்க ஒண்ணாப் பாடத் தேர்வு நடத்துறாங்கல்ல, அதுல வாங்குற மார்க்கு மட்டும்தான்."

"என்னோட ஆய்வுத் திட்டம் சார்?"

"அத யாரும் கேக்கப்போறதில்ல. தமிழ்ப் பாடத்துல மார்க்கு யாருக்குக் கூடவோ அவங்களுக்கு எடம். நான் கூட்டத்துல பேசிப் பாத்தேன். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும்னு முடிச்சுட்டாங்க."

போன வருஷம் துறையிலேயே தேர்வு வைத்தார்கள். என்னுடைய மடிக்கணினியில் நானே தட்டி எழுதினேன். நேர்காணலில் பழைய பாடல்களில் ஓசை எப்படிப் பொருளாகிறது என்று பேசினேன். ஒருவர் தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டுக் கேட்டார் என்று சார் பிறகு சொன்னார். ஆனால் அப்போது எந்த வழிகாட்டியிடமும் இடம் காலியில்லை. இந்த வருஷம் கலாதரன் சாரிடம் ஓர் இடம் காலியாகிறது. அது எனக்கென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

எனக்குக் கண் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போனது. இதைக் கணினியில் தட்டுகிறேன்; தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு குரல் காதுக்குள் சொல்கிறது. அந்த நாடு தழுவிய தேர்வில் இதெல்லாம் கிடையாது. மையத்துக் கணினியில் இந்தக் குரல் இருக்காது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கேள்வியை வாசிக்க வேண்டும், நான் சொல்லும் விடையை அவர் அழுத்த வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள்.

எனக்கு அதில் பயமில்லை. என் ஸ்கிரைப் என் தங்கை செவ்வந்திதான்.

மார்ச் 9, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அம்மா கறிக்குழம்பு வைத்தாள். அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம் இருக்கிறாராம்.

தலை துவட்டிவிடும்போது செவ்வந்தி சொன்னாள்: "அக்கா, நானும் அந்தத் தேர்வு எழுதலாம்னு இருக்கேன்."

"எந்தத் தேர்வு?"

"அதான்... நீ எழுதுறது."

அவளுக்கு ஏப்ரலில் எம்.ஏ. முடிகிறது. கணக்கில் கெட்டிக்காரி. வணிகவியல் சேரப் படிவம் வாங்கி வைத்திருந்தவள், கடைசி நேரத்தில் தமிழ் எடுத்தாள். பள்ளிக்கூடத்துச் சீருடை மாற்றாமலே உட்கார்ந்து எனக்கு வாசித்தவள் அவள். முதலில் ஒன்றும் புரியாமல் வாசிப்பாள். பிறகு புரிந்து வாசித்தாள். எப்போது மாறியது என்று நான் கவனிக்கவில்லை.

"தாராளமா எழுது" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவிடமும் சந்தோஷம் என்றே சொன்னேன்.

"அப்ப ஒனக்கு யாருடி வாசிப்பா?" என்று கேட்டது அம்மா. நான் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

நேற்றும் இன்றும் இலக்கணம் வாசிக்கச் சொன்னேன். எனக்கு அது மனப்பாடம்தான். இருந்தாலும் காதால் ஒருமுறை கேட்டால் உறுதிப்படும்.

செவ்வந்தி, "திறனாய்வுப் பகுதி எடுப்போமாக்கா? எனக்கு அதுலதான் இன்னும் புடிபடல" என்றாள்.

"அது கடைசியில பாத்துக்கலாம்."

ஓரிடத்தில் சொல்லைத் தப்பாகப் பிரித்தாள். அடி முடிவதற்குள் திருத்தினேன். "முடிக்க விடுக்கா, நானே திருப்பிருப்பேன்" என்றாள். வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிவிட்டது. எழுந்துபோய்ச் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அவளுக்கும் இது படிப்புதானே.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு பேருக்கும் செவ்வந்தியே விண்ணப்பம் போட்டாள். நாகல் நகர் பிரவுசிங் சென்டரில் மின்விசிறி ஓடவில்லை, வியர்த்து வழிந்தது. என் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ஸ்கிரைபை நீங்களே அழைத்து வருவீர்களா, மையத்தில் தர வேண்டுமா?

தேர்வு எழுதுகிறவள் இன்னொருத்திக்கு ஸ்கிரைபாக உட்கார முடியாது. அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நம்ம தெரு பாத்திமா இருக்கால்லக்கா, காலேஜ்ல ரெண்டாம் வருஷம். கோயில் விழாவுக்கே அவளத்தான் மைக்குல வாசிக்கச் சொல்றாக. நான் கேக்கட்டா?"

"நானே கேட்டுக்குறேன்."

"அப்ப இதுல என்ன போட?"

"இப்ப மையம்னு போடு. மே மாசம் வரைக்கும் மாத்தலாம்னு நீதான வாசிச்ச?"

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் அழுத்தாமல் இருந்தாள். பிறகு அழுத்தினாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி மிச்சமிருந்ததை இன்று பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன்.

மத்தியானம் கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எதுவும் ஓடவில்லை, சார்ஜ் தீர்ந்திருந்தது. அம்மாவும் செவ்வந்தியும் அடுப்படியில் இருந்தார்கள்.

"ஒனக்கென்னடி, எந்தப் படிப்பு வேணாலும் படிக்கலாம். பி.எட். போ. டீச்சராப் போ. அவளுக்கு இத விட்டா என்ன இருக்கு?"

"நான் அவகிட்ட இருந்து எதையும் புடுங்கலம்மா."

"ஒத்த எடம்தான் இருக்குன்னு சொல்றாள்ல? அக்காளும் தங்கச்சியும் போட்டி போட்டா ஊரு சிரிக்காது?"

"எனக்கும் இது மட்டும்தாம்மா புடிச்சிருக்கு."

அதற்குப் பிறகு வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம். வெங்காயம் அம்மா நறுக்கினாள்; உறிஞ்சியது செவ்வந்தி.

உள்ளே போயிருக்கலாம். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கே தண்ணீர் வருவதே அபூர்வம். குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

மே 6, செவ்வாய்

ஸ்கிரைபை மாற்றுவதற்கு இன்று கடைசி நாள்.

"பாத்திமாகிட்டக் கேட்டியாக்கா?"

"அவளுக்குப் பரீட்சை நேரம்."

"கேட்டியா?"

"அதான் சொல்றேன்ல, பரீட்சை நேரம்."

சாயங்காலம் முழுக்கப் பாத்திமா தெருவில் பிள்ளைகளோடு இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். ஒரே கூச்சல். படிக்கவே முடியவில்லை.

மே 19, திங்கள்

‘செவ்வந்தி இன்னும் விலகவில்லை’ என்று எழுதிவிட்டு அழித்தேன். விலகச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லையே. குறைந்தபட்சம் நான் கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே மையம். மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி.

செவ்வந்தி இப்போது பகலெல்லாம் நூலகத்தில் இருக்கிறாள். இருட்டுவதற்குள் வந்து எனக்கு வாசிக்க உட்கார்ந்துவிடுகிறாள். ஒருநாளும் முடியாது என்றதில்லை. இன்று வாசித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். சொல்லின் பாதியில் குரல் நின்றது. எழுப்பினேன். "எங்கக்கா விட்டேன்?" என்றாள். விட்ட இடத்தைச் சொன்னேன், அங்கிருந்து தொடர்ந்தாள்.

எழுப்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பகுதி முடியாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிட்டு வந்தோம்.

வாசலில் என் கோலை வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஏதும் வைத்திருக்கிறேனா என்று ஒருவர் கேட்டார். மடக்கிக் காட்டினேன். செவ்வந்தி என்னைக் கைப்பிடித்து என் அறை வரை விட வந்தாள். காவலர் விடவில்லை. "நீங்க ஒங்க ஹாலுக்குப் போங்கம்மா, இவங்கள நாங்க பாத்துக்குறோம்" என்றார். அவள் கையை எடுக்கும்போது என் மோதிர விரலை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

மையம் கொடுத்த ஸ்கிரைப் ஒரு கல்லூரிப் பெண். பெயர் ரித்திகா. கணினிப் பிரிவாம். நல்ல பெண், முதலிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, நான் சின்ன வயசுல டெல்லியில இருந்தேன். தமிழ் நல்லாப் பேசுவேன். வாசிக்கிறதுதான் கொஞ்சம் ஸ்லோ."

கொஞ்சம் இல்லை. எழுத்துக்கூட்டினாள். உரைநடையையே எழுத்துக்கூட்டினாள். பாடல் வந்ததும் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. ‘மழையிலாமலை’ என்று ஒரு தொடர். மழை இல்லாத மலை. அவள் ‘மழையில் ஆமலை’ என்று வாசித்தாள். ஆமலை எந்த ஊர், எந்தக் குறுநிலத் தலைவனுடையது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு விடையைச் சொல்லி அடுத்த கேள்விக்குப் போன பிறகுதான் அது எனக்கு உறக்கத்திலும் தெரிந்த பாட்டு என்று புரிந்தது. "பின்னாடி போம்மா" என்றேன். பின்னால் போவதற்குள் அவள் வேறொரு பக்கத்துக்குப் போய்விட்டாள்.

பொருத்துக என்று வந்தால் இன்னும் மோசம். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, அதற்குக் கீழே குறியீடுகள். கண் இருப்பவர்கள் ஒரு பார்வையில் கோடு போட்டுக்கொள்வார்கள். நான் எல்லாவற்றையும் மனதில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அவள் ஒன்றை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முந்தையது நழுவிவிடும்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். "இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச வேற யாராவது இருந்தாத் தாங்க."

"இருக்குறதே இவங்கதாம்மா. வர வேண்டியவரு வரல. தமிழ்ப் பாடத்துக்குத் தமிழ் ஆளுதான் வேணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே. நீங்க ஒங்க ஆளையே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

ரித்திகாவிடம், "அடுத்தத வாசிம்மா" என்றேன்.

கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அது எழுத்துக்கூட்டுவதற்கே போனது. கடைசிக் கேள்விகளை அவள் வாசிக்கவே இல்லை. நேரம் முடிந்து திரை அணைந்ததும், "சாரிக்கா, சாரிக்கா" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுக்கும் நிலையிலா நான் இருந்தேன்?

வெளியே வெயிலில் செவ்வந்தி நின்றிருந்தாள். கரும்புச் சாறு வாங்கி வைத்திருந்தாள். ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது.

"எப்படிக்கா?"

"நல்லா எழுதுனேன். நீ?"

"ஏதோ எழுதுனேன்."

இரண்டும் பொய் என்று இருவருக்கும் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

முடிவு வந்தது.

செவ்வந்தி என்னுடையதைத்தான் முதலில் பார்த்தாள். தணிந்த குரலில் வாசித்தாள். பிறகு மறுபடியும் வாசித்தாள், இரண்டாவது முறை வாசித்தால் எண் கூடும் என்பது போல. பல்கலைக்கழகம் கேட்கும் குறைந்தபட்சத்தை எட்டவில்லை. எங்களுக்கென்று உள்ள சலுகையைச் சேர்த்தும் எட்டவில்லை.

"ஒன்னுது?"

"அப்பறம் பாத்துக்கலாம்."

"பாரு செவ்வந்தி."

பார்த்தாள். மூச்சு மட்டும் ஒருமுறை மாறியது. நான் கேட்டுக்கேட்டுத்தான் சொன்னாள். ரொம்ப நல்ல மதிப்பெண். நான் முழுத் தெம்போடு எழுதியிருந்தாலும் வாங்கியிருப்பேனா தெரியாது.

"ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். அவள் கையைத் தேடினேன். கை ஈரமாக இருந்தது.

அடுப்படியில் அம்மா குக்கரை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

கலாதரன் சார் பேசினார். "ஒம்பேரப் பட்டியல்ல ஏத்தக்கூட முடியலம்மா. என்ன நடந்துச்சுன்னு எடுத்துச் சொன்னேன். குறைஞ்ச மார்க்க கம்ப்யூட்டரு ஏத்துக்காதுங்குறாங்க. கம்ப்யூட்டர்கிட்ட நான் என்ன பேச?"

ஏதோ தாளைப் புரட்டினார்.

"முதல் பேரு ஒந்தங்கச்சிது."

"தெரியும் சார்."

"ஆகஸ்டு நாலாந்தேதிக்குள்ள வந்து சேரணும். வருவாளா?"

"சொல்றேன் சார்" என்றேன். அவளிடம் சொல்கிறேன் என்றா, அவருக்குப் பதில் சொல்கிறேன் என்றா, எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 26, சனி

செவ்வந்தி பி.எட். படிவம் வாங்கி வந்திருக்கிறாள். "டீச்சர் வேலதான்க்கா நல்லது, சீக்கிரம் சம்பாதிக்கலாம்" என்றாள். யார் கேட்டார்கள்?

அம்மா அவளுக்குப் பிடித்த இனிப்புப் பணியாரம் சுட்டாள். நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஜூலை 30, புதன்

சார் சொன்னதை இன்றும் செவ்வந்தியிடம் சொல்லவில்லை. நாளை சொல்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லவில்லை. திங்கள்கிழமை கடைசி நாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததும் குளித்துவிட்டுப் பீரோவைத் திறந்தேன். அவளுடைய சான்றிதழ்க் கோப்புக்குத் துணி உறை, என்னுடையதற்குப் பிளாஸ்டிக். துணி உறையை என் பைக்குள் வைத்தேன்.

"செவ்வந்தி, பல்கலைக்கழகம் வரைக்கும் துணைக்கு வா. அந்த ஸ்கிரைப் விசயமா ஒரு மனு குடுக்கணும்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே. ஒத்தையில போக எனக்குப் பயமா இருக்கு."

பயமெல்லாம் இல்லை. அந்தப் பேருந்தில் நான் தனியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் வருவாள். உடனே கிளம்பினாள். அம்மா ஒன்றும் சந்தேகப்படவில்லை.

துறை வாசலில் கோப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உறையைத் தொட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னக்கா இது?"

"உள்ள போய்ச் சேர்ந்துக்க. இன்னைக்கு விட்டாப் போச்சு."

"மனு குடுக்கணும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த."

"அதும்தான். ஆனா இதச் சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

"துணைக்குக் கூப்பிட்டா வருவேன்னு ஒனக்குத் தெரியும்." அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இன்று உயர்ந்தது. "எப்பக் கூப்பிட்டாலும் வந்திருக்கேன்ல? பரீட்சைக்கு மொத நா ராத்திரிகூட ஒனக்கு வாசிச்சேன். அதுவும் ஒனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச பாடம். தெரியாமயா வாசிச்சேன்?"

"செவ்வந்தி, நாந்தான் மனசாரச் சொல்றேன்ல? எடம் ஒனக்கு. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"நீ என்னக்கா எனக்குக் குடுக்குறது? நான் எழுதி வாங்குனது இது. நீ மனசாரச் சொன்னாலும் சொல்லாட்டியும் என்னுது."

வராந்தாவில் யாரோ செருப்புச் சத்தத்தை நிறுத்திவிட்டு, பிறகு வேகமாகக் கடந்து போனார்கள்.

"பாத்திமாகிட்ட நீ கேக்கவே இல்ல. அவளே சொன்னா. கடைசி வரைக்கும் நான் விலகிருவேன்னுதான இருந்த? நான் விலகி வந்து ஒம் பக்கத்துல உக்காருவேன்னு. அந்தக் கட்டத்த எங்கையாலயே அழுத்த வச்ச."

"அப்படி இல்ல."

"நான் விலகல. நீ காத்திருந்தது தெரிஞ்சும் விலகல. ஒனக்குச் சீட்டு போனதுல எம் பங்கு இருக்குல்ல? அதுக்குத்தான் பி.எட். போறேன்னு சொன்னேன். என் மனசுல நானா எடுத்த முடிவு அது ஒண்ணுதான். இப்ப அதையும் நீயே மாத்துற."

அவள் நடந்து போய்விட்டாள். எந்தப் பக்கம் போனாள் என்று காது வைத்துக் கேட்டேன். வராந்தாவில் கூட்டம் வந்துவிட்டதால் அவளுடைய காலடியைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

பிறகு கோலை விரித்தேன். ஒரு பையனிடம் வழி கேட்டுக் கலாதரன் சார் அறைக்குப் போனேன். மனுவைக் கொடுத்தேன். தமிழ்ப் பாடம் எழுதுபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவரைத் தர வேண்டும், இல்லையென்றால் நாங்கள் பழகிய வாசிப்பு மென்பொருளை அனுமதிக்க வேண்டும், வேறொன்றும் அதில் இல்லை. சார் சத்தமில்லாமல் வாசித்தார்.

"துறை சார்பா அனுப்புறேன்மா. பதில் வரும்னு சொல்ல மாட்டேன்."

"அனுப்பிட்டு நகல் மட்டும் தாங்க சார். நான் எழுதிக்கிட்டே இருப்பேன்."

வெளியே வந்தபோது செவ்வந்தி நின்றிருந்தாள். அவள் தலையில் வைத்திருந்த மல்லிகையை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"சேர்ந்துட்டேன்" என்றாள். "ஒனக்காக இல்ல."

பேருந்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். திண்டுக்கல்லில் இறங்கும்போது வழக்கமாக என் கையைப் பிடிப்பாள். இன்று படியில் நின்று, "பள்ளமா இருக்கு, பாத்து எறங்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பதால்தான் நான் பாத்திமாவைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அதனால் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செவ்வந்தி விடுதிக்குப் போய்விட்டாள். பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன் என்றேன். "வேணாம்க்கா, அப்பா வர்றாரு" என்றாள்.

அலமாரியில் பாதி காலியாக இருக்கிறது. தடவிப் பார்த்தேன். எது எது அவளுடைய புத்தகம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

அம்மா என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். "ஒனக்காகத்தானடி அவகிட்ட அவ்வளவு பேசுனேன்" என்றாள், தோசையைத் தட்டில் போட்டபடி. "தெரியும்மா" என்றேன். அன்றைக்குக் கூடத்தில் எனக்கு எல்லாம் கேட்டது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் சாம்பாரைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பாத்திமா வீட்டுக்குப் போனேன். நான்கு வீடு தள்ளித்தான். அவளுடைய அம்மா நாற்காலி போட்டார்.

"பாத்திமா, டிசம்பர்ல எனக்கு அதே தேர்வு மறுபடி இருக்கு. பக்கத்துல உக்காந்து வாசிக்கணும். அதுக்கு முன்னாடி தெனம் கொஞ்சம் பழகணும். முடியுமா?"

"முடியும்க்கா. ஏப்ரல்லயே கேப்பீங்கன்னு செவ்வந்திக்கா சொன்னாங்க. நானும் இன்னைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பாத்தேன்."

ஒரு பாடலை வாசிக்கச் சொன்னேன். செய்தி வாசிப்பவர் போல நிமிர்ந்து வாசித்தாள். பிரிக்கும் இடங்கள் பல தப்பு. ஆனால் பயப்படாமல் வாசிக்கிறாள். நாளையிலிருந்து வருகிறாள்.

மனுவுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. ‘தங்கள் கடிதம் பெறப்பட்டது.’ இரண்டாவது மனு அனுப்பினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போன பிறகு முதல் முறையாகச் செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள். இத்தனை நாளும் தொலைபேசியில் அம்மாவிடம்தான் பேசுவாள். அம்மா என்னிடம் கொடுத்தால், "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அவளும் வந்தாள். கிளிப்புகளைக் கழற்றிக் கூடையில் போட்டாள். வாசித்துக் காட்டட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வாசி என்று நானும் சொல்லவில்லை. துணி தீர்ந்துவிட்டது. கீழே போக இருவருக்கும் மனமில்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தோம்.

"இப்ப என்ன படிச்சுக்கிட்டிருக்க?" என்று கேட்டேன்.

இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் இதைக் கேட்டதேயில்லை. அவள் என்ன படித்தாள் என்பது எனக்குத் தெரியும், நான் சொன்னதைத்தான் படித்தாள்.

பழைய உரைகாரர்கள் ஒரே அடியை வெவ்வேறாகப் பிரித்த இடங்களைத் தொகுக்கிறாளாம். தயங்கித்தான் ஆரம்பித்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் நிறுத்தினாள். நான் சொல்லவில்லை. போகப்போக நிறுத்துவதை மறந்துவிட்டாள். குரல் எழும்பியது. கையை ஆட்டிப் பேசியதில் வளையல் குலுங்கியது. தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நடந்துகொண்டே பேசினாள். மில் சங்கு ஊதியது. அதற்கு மேலாகப் பேசினாள். நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னாள்: தப்பாகப் பிரித்தவரும் ஏதோ ஓர் ஓசையைக் கேட்டுத்தான் பிரித்திருக்கிறார், அதையும் எழுத வேண்டும் என்று.

இரண்டு இடத்தில் திருத்தியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சும்மா இருந்தேன்.

கீழேயிருந்து அம்மா காபிக்குக் கூப்பிட்டாள். செவ்வந்தி கூடையை எடுத்துக்கொண்டு படி வரை போனாள். போய் நின்றாள்.

"நடுவுல தப்பாச் சொன்னேன். கவனிச்சியா?"

"கவனிச்சேன். ரெண்டு எடம்."

"சொல்லவே இல்ல?"

"நீ பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

அவள் படி இறங்கவில்லை. கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு இல்லக்கா" என்றாள். "மூணு."

நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டுதான் கிடைத்தது. மறுபடி ஓட்டினேன். இரண்டுதான்.

"மூணாவது எது?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.